மெரினா அகலமாகிறதே, கடல் பின்வாங்குகிறதா?

கேள்வி, 14 ஏப்ரல் 2024

கடல் மட்டம் உயர்கிறது, கரைகள் மூழ்கப் போகின்றன என்று ஆண்டு தவறாமல் எழுதுகிறார்கள். நான் திருவல்லிக்கேணிக்காரன். என் கொள்ளுத்தாத்தா காலத்தில் ஐஸ் ஹவுஸுக்குப் பக்கத்திலேயே அலை அடித்ததாம். இன்று அங்கிருந்து கால் நனைக்கப் புறப்பட்டால், பாதி வழியில் நின்று சுண்டல் தின்றுவிட்டுத்தான் மீதி வழி நடக்க முடிகிறது. கடல் பின்வாங்கியிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? உயர்கிறது என்பவர்கள் விளக்கட்டும்.

14 ஏப்ரல் 2024, இரவு

சுண்டலில் எனக்கு ஆட்சேபணை இல்லை, முடிவில்தான்.

மெரினா அகலமானது உண்மை. சில இடங்களில் 400 மீட்டரைத் தாண்டுகிறது. ஆனால் அது கடல் மனமிரங்கி விட்டுக்கொடுத்த நிலம் என்று இராயபுரத்தில் போய்ச் சொல்லிப் பாருங்கள். துறைமுகத்துக்கு வடக்கே, அங்கே தொடங்கி எண்ணூர் வரை, கரையைக் கடலுக்குப் பறிகொடுத்தவர்கள் அவர்கள். சென்னைத் துறைமுகத்துக்காக 1881இல் கடலுக்குள் கற்சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். சுவருக்குத் தெற்கே மணல் வந்து தங்கியது. வடக்கே போக வேண்டிய மணல் போகவில்லை. ஒரு பக்கம் மெரினா, மறுபக்கம் பாறாங்கல். ஒரே கணக்கின் வரவும் செலவும்.

மணல் நடக்கும் என்பதை நம்பாதவர்களுக்கு: அலை கரைக்கு நேராக வருவது அரிது, கொஞ்சம் சாய்ந்துதான் வரும். ஏறும்போது மணலையும் சாய்வாக மேலே தள்ளும். திரும்பும்போது தண்ணீர் சரிவைப் பார்த்து நேராக இறங்கும். ஆக, ஒரு மணல் மணி ஏறிய இடம் ஒன்று, இறங்கிய இடம் சற்றுத் தள்ளி. எட்டு நொடிக்கு ஓர் அலை என்று வைத்தால் ஒரு நாளில் 10,800 அலை. ஒவ்வொன்றும் ஒரு விரற்கடை நகர்த்தினால் எவ்வளவு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். சோழமண்டலக் கரையில் இந்த நடை தெற்கிலிருந்து வடக்கே போகிறது. ஆண்டுக்குப் பல லட்சம் கன மீட்டர் மணல் இப்படி ஊர் ஊராகக் கடந்து செல்கிறது.

நான் யார் என்று கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் புவியியல் கற்பிக்கிறேன், மீனவர் வீட்டுப் பெண். ஒரு சிறிய மீன்பிடித் துறைமுகம். அதற்கு வடக்கே நான் பிறந்த ஊர், தெற்கே புகுந்த ஊர். பெயர்கள் வேண்டாம், இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். பிறந்த வீட்டுக்குப் போக வேண்டிய மணலைப் புகுந்த வீட்டார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லி வருகிறேன். சீர் கொடுத்தது போதாதென்று மணலும் கொடுத்தோம்.

15 ஏப்ரல் 2024

நேற்று எழுதியதில் ஒரு பிழை. 1881இல் தொடங்கவில்லை. துறைமுகச் சுவர் வேலை 1870களின் நடுவிலேயே தொடங்கிவிட்டது. 1881 நவம்பரில் வந்த புயல் அதை உடைத்துப் போட்டது, பிறகு மறுபடி கட்டினார்கள். ஆண்டு மனதில் நின்றது, நடந்தது மாறிவிட்டது. மாணவர்கள் இப்படி எழுதினால் அரை மதிப்பெண் குறைப்பேன்.

15 ஏப்ரல் 2024, மாலை

“துறைமுகத்துக்கு முன்பு மெரினாவே இல்லையா?” என்று ஒருவர் கேட்கிறார். ஒரு சிறு கரை இருந்தது. கவர்னர் கிராண்ட் டஃப் அங்கே உலாப்பாதை அமைத்தது 1884இல். அப்போது அவர் முன்னால் இருந்தது இன்றைய பரப்பில் சிறு துண்டுதான். மீதி பின்னால் வந்து சேர்ந்தது.

19 ஏப்ரல் 2024

நாகப்பட்டினத்துப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர்: “வடக்கே, வடக்கே என்கிறாய் மகளே. ஐப்பசி, கார்த்திகையில் வந்து பார். மணல் தெற்கே ஓடும்.”

சரிதான் ஐயா. அவசரத்தில் பாதிதான் எழுதினேன். எனக்கு இது தெரியாததும் இல்லை, சின்ன வயதிலேயே செருப்பு கற்றுக்கொடுத்தது. சோழகம் என்கிற தென்காற்று வீசுகிற மாதங்களில் அலை இழுத்துப்போன செருப்பைத் தேட வடக்கே ஓடுவோம். வடக்கிலிருந்து வாடை வீசும்போது தெற்கே ஓடுவோம். யாரும் சொல்லித் தரவில்லை. ஒருமுறை தவறான பக்கம் ஓடிவிட்டு, ஒற்றைச் செருப்போடு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் வாங்கிய அடி போதுமானதாக இருந்தது.

கணக்கு இப்படி: தோராயமாகப் பங்குனி முதல் புரட்டாசி வரை அலை தென்கிழக்கிலிருந்து சாய்ந்து வரும், மணல் வடக்கே நடக்கும். வடகிழக்குப் பருவத்தில் திசை மாறி மணல் தெற்கே திரும்பும். போனது அதிகம், திரும்பியது குறைவு. இரண்டையும் கழித்தால் மிஞ்சுவது வடக்கு நோக்கிய நடை. சம்பளம் வாங்கிய அன்றே ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு, மாதக் கடைசியில் கொஞ்சம் திருப்பிக் கேட்கிற கதைதான்.

2 மே 2024

திருவல்லிக்கேணிக்காரர் விடவில்லை. “சுவர் கட்டினால் மணல் நிரம்பும், நிரம்பியதும் சுற்றிக்கொண்டு போய்விட வேண்டியதுதானே? வடக்கு ஏன் நூறு ஆண்டு பட்டினி கிடக்க வேண்டும்?”

நல்ல கேள்வி. சுற்றிக்கொண்டு போகப் பார்த்தது. சென்னைத் துறைமுகத்தின் பழைய வாயில் கிழக்கு நோக்கி நேராகக் கடலைப் பார்த்து இருந்தது. தெற்குச் சுவரைச் சுற்றிவந்த மணல் அந்த வாயிலைத் தூர்த்தது. கடைசியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை அடைத்துவிட்டு வடகிழக்கில் வேறு வாயில் வைத்தார்கள். தப்பிவருகிற மணலும் சுவரைத் தாண்டியதும் ஆழமான இடத்தில் விழுகிறது, அல்லது கப்பல் வழிக்காகத் தூர்வாரி எடுக்கப்படுகிறது. கரைக்குத் திரும்ப ஏறுவது கொஞ்சம்தான். அதற்கும் வடக்கே காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகம், பிறகு எண்ணூர், பிறகு காட்டுப்பள்ளி. ஒவ்வொருவரும் ஒரு பிடி எடுத்துக்கொண்டு மீதியை அனுப்பினால் பந்தியின் கடைசியில் உட்கார்ந்தவர் இலையில் என்ன இருக்கும்?

புதுச்சேரியில் நூறு ஆண்டு காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் 1980களின் பிற்பாதியில் இரண்டு சுவர்கள் கட்டினார்கள். நகரத்தின் முன்னாலிருந்த மணற்கரை என் தலைமுறையின் கண் முன்பே போயிற்று. காந்தி சிலைக்கு முன்னால் இன்று நாம் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிற கறுப்புப் பாறாங்கற்கள் அழகுக்காகக் கொட்டப்பட்டவை என்று நினைக்கிற சுற்றுலாப் பயணிகளைப் பார்த்திருக்கிறேன்.

6 மே 2024

தடம் மாறுகிறேன். இரண்டு நாளாகத் தெற்கே ‘கள்ளக்கடல்’ எச்சரிக்கை. குமரி மாவட்டத்து மாணவி ஒருத்தி, “காற்றே இல்லை டீச்சர், வானம் தெளிவாக இருக்கிறது, அலை மட்டும் சாலைக்கு வருகிறது, எப்படி?” என்று கேட்டிருந்தாள்.

அந்த அலை பிறந்த இடம் நம் கடலே இல்லை. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், அண்டார்க்டிகாவை ஒட்டிய பகுதிகளில் அடிக்கும் புயல் கிளப்பிய அலைகள் பல ஆயிரம் கிலோமீட்டர் நடந்து, சில நாள் கழித்து நம் வாசலுக்கு வருகின்றன. சிற்றலைகள் வழியிலேயே தேய்ந்துவிடும். நீண்ட இடைவெளி கொண்ட பெரிய ஏற்றங்கள் மட்டும் மிஞ்சும். ஆழ்கடலில் படகில் இருப்பவருக்கு அது மெல்லத் தூக்கி இறக்குவது போலத்தான் தெரியும். கரையை நெருங்கி ஆழம் குறைந்ததும் எழுந்து நிற்கும். திருடன் போல் சொல்லாமல் வருவதால் கள்ளக்கடல். மலையாளக் கரையிலும் அதே பெயர்தான். மீனவர்கள் வைத்த அந்தப் பெயரைத்தான் ஐதராபாத்திலுள்ள கடல் தகவல் மையமும் தன் அறிவிப்புகளில் எழுதுகிறது. எனக்கு இதில் தனிப்பட்ட மகிழ்ச்சி.

எச்சரிக்கை வந்தால் காற்றைப் பார்க்காதீர்கள், தண்ணீரில் இறங்காதீர்கள். இதைத் தனியாக எழுத வேண்டியிருப்பதே வருத்தம்.

6 மே 2024

அந்தப் பெண் அடுத்த கேள்வியை அனுப்பிவிட்டாள்: “எங்கள் ஊரில் பாறைதானே, எங்களுக்கு என்ன ஆகிவிடும்?” விடுமுறை விட்டதும் எழுதுகிறேன்.

9 மே 2024

குமரிக்கண்டம் இன்னும் வரவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வந்துவிட்டது. நான்கு பத்திகள்.

சண்டை போட எனக்கு நேரமில்லை, ஆனால் ஒன்று சொல்லலாம். ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன், பனி உறைந்திருந்த காலத்தில், கடல் இன்றைக்குவிட 120 மீட்டர் வரை தாழ்ந்திருந்தது. ஆழம் குறைந்த பாக் நீரிணை அப்போது தரை. இலங்கைக்கு நடந்தே போகலாம். பனி உருக உருகக் கடல் ஏறியது. ஆறேழாயிரம் ஆண்டுகளுக்கு முன்தான் ஏறக்குறைய இன்றைய மட்டத்தில் வந்து நின்றது. நாம் கடற்கரை என்று சொல்கிற கோட்டுக்கு வயது அவ்வளவுதான். மலைகளோடு ஒப்பிட்டால் கைக்குழந்தை. இன்னும் உட்காரவே பழகவில்லை, அதற்குள் அதன் மடியில் வீடு கட்டிவிட்டோம்.

கண்டம் முழுகியதைப் பற்றிய ஆதாரம் கிடைத்தால் நல்லது. என் கவலை எங்கள் அம்மா வீட்டுக்குப் பின்னாலிருந்த நான்கு தென்னை மரங்கள்.

23 ஜூன் 2024

குமரி மாணவிக்கு. முட்டம் போய் வந்தேன், அதனால் தாமதம் மன்னிக்கப்பட வேண்டும்.

பாறைக்கு ஒன்றும் ஆகாது என்பது நம் ஆயுளின் அளவுகோல். அங்கே உட்கார்ந்து பார்த்தபோது அலை பாறையை அடிப்பதைவிடப் பாறையின் வெடிப்புக்குள் புகுவதுதான் கண்ணில் பட்டது. புகும் தண்ணீர் உள்ளிருக்கும் காற்றை நெருக்குகிறது. அலை பின்வாங்கும்போது அந்தக் காற்று படாரென்று விரிகிறது. காது வைத்தால் உறுமல் கேட்கும். அதோடு, தண்ணீர் காய்ந்தபின் தங்கும் உப்பு வெடிப்புக்குள் படிகமாக வளர்ந்து பக்கங்களைத் தள்ளுகிறது. அலை எடுத்துவரும் மணலும் கூழாங்கல்லும் உப்புத்தாள் போலத் தேய்க்கின்றன. மெல்லிய இடத்தில் குடைவு, குடைவு இருபுறமும் துளைத்தால் வளைவு, வளைவின் தலை விழுந்தால் கடலில் தனியாக நிற்கும் தூண். விசாகப்பட்டினத்துக்கு வடக்கே பீமிலி போகிற சாலையோரம் அப்படி ஒரு வளைவு இருக்கிறது. நான் பார்த்தபோது இரண்டு பேர் அதன் தலையில் ஏறி நின்று கை அசைத்துக்கொண்டிருந்தார்கள். அரிப்புக்கு உதவி செய்பவர்கள்.

முனை ஏன் அதிகம் அடி வாங்குகிறது, பக்கத்திலுள்ள வளைகுடாவில் ஏன் மணல் தங்குகிறது? அலையின் ஒரு பகுதி முனைக்கு முன்னாலுள்ள ஆழமற்ற இடத்தை முதலில் தொடுகிறது, அங்கே வேகம் குறைகிறது. மற்ற பகுதி ஆழத்தில் வேகமாகவே போகிறது. அதனால் அலை முனையைச் சுற்றி வளைந்து, முன்னாலும் இரு பக்கமும் சேர்ந்து அதையே மொத்துகிறது. வளைகுடாவில் அதே அலை விரிந்து பலம் இழக்கிறது. கூட்டத்தில் முந்தி நிற்பவன்தான் முதல் அடி வாங்குவான்.

உங்கள் ஊரில் கடல் கொந்தளிப்பது ஆனி, ஆடியில். எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகையில். ஒரே மாநிலம், இரண்டு கடல் நாட்காட்டி. குமரியில் திருமணமான என் தோழி ஆடியில் வெளியூர் போக மாட்டாள்.

25 ஜூன் 2024

ஆடியில் போகாததற்குக் காரணம் மாமியார், கடல் இல்லை என்று அந்தத் தோழி இதைப் படித்துவிட்டுச் சொல்லச் சொன்னாள். சொல்லிவிட்டேன்.

11 ஆகஸ்ட் 2024

இந்தக் குறிப்பை எழுத இரண்டு மாதம் தயங்கினேன், ஏனென்றால் முதல் நாள் நான் எழுதிய தோரணையையே இது கொஞ்சம் அசைக்கிறது.

தரங்கம்பாடி போயிருந்தோம். டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டத் தொடங்கிய கோட்டையைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் நடந்தேன். பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாண்டியன் குலசேகரன் காலத்தில் எழுந்த கோயில். அதன் முன்பகுதியைக் கடல் எப்போதோ தின்றுவிட்டது. எஞ்சியதைத்தான் இன்று புதுப்பித்துக் கல் போட்டுக் காத்து வைத்திருக்கிறார்கள். கோயில் கட்டியவர்கள் அலை வாசலில் அடிக்கிற இடத்திலா அடிக்கல் நாட்டியிருப்பார்கள்? அன்று கடல் தூரத்தில் இருந்திருக்க வேண்டும். அதை இங்கே கொண்டுவந்தது எந்தத் துறைமுகச் சுவர்? எதுவும் இல்லை. கடலே நடந்து வந்தது.

வடக்கே கொஞ்ச தூரத்தில் பூம்புகார். அங்கே பழைய செங்கல் கட்டுமானங்கள் அலைபடும் கரையிலும் கடலுக்குள்ளும் கிடப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஆக, “சுவர் கட்டியதால்தான் கரை போகிறது” என்று மேடையேறிச் சொல்லிவந்த எனக்கு ஒரு குட்டு. காவிரிக் கழிமுகம் வண்டல் படிந்து உண்டான நிலம். புதிய வண்டல் தன் எடையாலேயே அமுங்கும், தாழும். ஆறு புதிதாக மண் கொண்டுவந்து மேலே போர்த்திக்கொண்டே இருந்தால்தான் கழிமுகம் கடலுக்கு ஈடு கொடுக்க முடியும். ஆறு கிளை மாறினால், பழைய கிளையின் வாய் பட்டினி கிடக்கும், அலை உள்ளே வரும். எந்தப் பொறியாளரும் பிறப்பதற்கு முன்பே இது நடந்துகொண்டிருந்தது. பிறகு 1934இல் மேட்டூரில் அணை எழுந்தது. ஆற்றோடு வந்திருக்க வேண்டிய மணலில் ஒரு பங்கு அங்கேயே தங்கிவிட்டது. மீதியை என்ன செய்தோம் என்பது லாரி பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அதனால் திருத்திக்கொள்கிறேன். கரை தானாகவும் அரியும். அது கடலுக்கும் ஆற்றுக்கும் இடையிலுள்ள பழைய கொடுக்கல் வாங்கல். சுவர் செய்வது, அந்தக் கணக்கில் ஒருவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வது. எங்கள் ஊரில் நடந்தது இரண்டாவது. தரங்கம்பாடியில் நூற்றாண்டுகளாக நடந்தது முதலாவது. எல்லாக் கரையையும் ஒரே குற்றவாளியை வைத்து விளக்கியது என் சோம்பல்.

12 ஆகஸ்ட் 2024

“அப்படியானால் கடல் மட்டம் உயர்வது எங்கே வருகிறது, நான் கேட்டதே அதைத்தானே?” என்கிறார் திருவல்லிக்கேணிக்காரர். நான்கு மாதம் பொறுமையாக இருந்திருக்கிறார்.

1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. ஒரு சாண். சுவரில் ஒரு சாண் ஒன்றுமே இல்லை. ஆனால் மணற்கரை சுவர் அல்ல, மிக மெல்லிய சரிவு. 1962இல் பெர் புரூன் என்ற பொறியாளர் ஒரு விதி சொன்னார். கடல் ஏறினால் மணற்கரை மேலே வெட்டுப்பட்டு, அந்த மணல் கடலடியில் படிந்து, மொத்தச் சரிவே நிலத்துப் பக்கம் நகரும். சரிவைப் பொறுத்து, ஏற்றத்தைப் போல 50 மடங்கு, 100 மடங்கு கரை பின்வாங்கலாம். எளிய விதி, எல்லா இடத்திலும் பொருந்தாது என்று அதைக் குறை சொல்பவர்கள் உண்டு. ஆனால் ஒரு சாணை அலட்சியம் செய்யக்கூடாது என்பதைப் புரிய வைக்க அது போதும். மெரினாவில் அந்த இழப்பு நடக்கவில்லை என்று யார் சொன்னது? சுவர் கொண்டுவந்து குவித்த மணல் அதை மறைத்துவிட்டது. சம்பளம் உயரும்போது விலைவாசி தெரியாதது போல.

(புரூனும் டேனிஷ்காரர். தரங்கம்பாடிக்கும் அவர்களுக்கும் ஏதோ பூர்வ ஜென்மத் தொடர்பு.)

30 செப்டம்பர் 2024

தூண்டில் வளைவு கேட்டு எங்கள் அம்மா ஊரில் மறியல். நானும் போய் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் என் மனசாட்சி வேறு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. கடலுக்குள் நீட்டிப் போடும் அந்தக் கல் வரிசை, வடக்கே நடக்கும் மணலைத் தடுத்துத் தன் தெற்குப் பக்கத்தில் சேர்க்கும். அதற்கு வடக்கே இருக்கிற அடுத்த குப்பத்துக்கு? எங்களுக்குத் துறைமுகச் சுவர் செய்ததை நாங்கள் அவர்களுக்குச் செய்வோம். பிறகு அவர்களும் கேட்பார்கள், அவர்களுக்கு அடுத்தவரும் கேட்பார்கள். கரையோரமாகக் கல் வரிசை வடக்கே நகர்ந்துகொண்டே போகும். புதுச்சேரிக்கு வடக்கே எல்லை தாண்டி விழுப்புரம் மாவட்டக் கரையில் நடந்தது அதுதான்.

கரையோடு ஒட்டிக் கொட்டும் பாறாங்கல் வேறு வகை. அது வீட்டைக் காக்கும், கரையைக் காக்காது. மணற்சரிவில் ஏறும் அலை மூச்சு வாங்கித் திரும்பும். கல்லில் மோதும் அலை அதே பலத்தோடு திரும்பி, கல்லின் காலடி மணலைத் தோண்டிக்கொண்டு போகும். கல் சரியும், மேலே மறுபடி கொட்ட வேண்டும். எங்கள் ஊரில் மூன்று முறை கொட்டிவிட்டார்கள். கட்டுமரமாக இருந்தாலும் ஃபைபர் படகாக இருந்தாலும் ஏற்றி வைக்க மணல் வேண்டும். கரைவலை இழுக்க மணல் வேண்டும். கருவாடு காய மணல் வேண்டும். கல்லின் மேல் என்ன செய்வது?

இதையெல்லாம் தெரிந்துகொண்டு மறியலில் ஏன் உட்கார்ந்தாய் என்று கேட்கலாம். அம்மாவின் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே பதினாறு அடி. கேட்டுக்கொள்ளுங்கள்.

2 அக்டோபர் 2024

“தடுக்காமல் கடத்திவிடும் வழியே இல்லையா?” உண்டு. தெற்கே சேர்ந்த மணலைக் குழாய் வழியே வடக்கே இறைப்பது. ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட்டில் 1980களிலிருந்து செய்கிறார்கள். செலவு நிற்காது, ஆண்டுதோறும் வேண்டும். புதுச்சேரியில் வேறு வழி பார்த்தார்கள். நகரக் கரைக்கு எதிரே, தண்ணீருக்கடியில் எஃகுத் திட்டு ஒன்றை அமைத்து அலையைத் தணித்தார்கள். வடபகுதியில் மணல் திரும்ப வந்தது. நான் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அதில் நடந்தேன். கையில்தான், பழைய அனுபவம்.

19 அக்டோபர் 2024

சின்ன விஷயம். வீட்டுமனை விளம்பரத்துக்காக மணல் மேட்டைச் சமன் செய்து ‘கடல் பார்வை’ உண்டாக்குகிறார்கள். அந்த மேட்டின் மேல் இருந்தது இராவணன் மீசை. முள்ளு முள்ளான கொத்துகளை உருட்டி ஓடவிடும் அந்தப் புல்லும், ஊதாப்பூ பூக்கும் அடும்புக் கொடியும்தான் பறக்கும் மணலைப் பிடித்து மேடாக்குகின்றன. சங்கப் பாட்டுக்காரர்களுக்கு அலை குவித்த மணலுக்கு ‘எக்கர்’ என்று தனிச் சொல்லே இருந்தது. நமக்கு அந்தச் சொல்லும் போயிற்று, மேடும் போகிறது. 2004 சுனாமியில் எங்கள் பக்கத்தில் மேடு உடையாத தெருக்களில் தண்ணீர் முழங்காலோடு நின்றது. உடைத்த தெருவைப் பற்றி எழுத மனமில்லை.

3 டிசம்பர் 2024

மின்சாரம் இப்போதுதான் வந்தது. எல்லோரும் நலம்.

ஃபெஞ்சல் புயல் 30ஆம் தேதி இரவு புதுச்சேரிக்கு அருகே கரை ஏறியது. புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறக்குறைய அரை மீட்டர் மழை. நான் புகுந்த ஊரில் கெங்கையம்மன் கோயில் மதிலிலிருந்து ஈர மணல் வரை காலடியால் அளந்து வைப்பது என் வழக்கம். ஏப்ரலில் 118 காலடி. நேற்று 86. கரை படிக்கட்டு போல ஆளுயரத்துக்கு வெட்டுப்பட்டு நிற்கிறது. வெட்டில் கறுப்பும் சிவப்புமாகப் பட்டைகள். அவை இல்மனைட், கார்னெட் போன்ற கனமான தாதுக்கள். அலை இலேசான வெள்ளை மணலை அள்ளிக்கொண்டு கனமானதை விட்டுவிட்டுப் போகிறது. முறத்தில் அரிசி புடைப்பதும் இப்படித்தான், அங்கே காற்று, இங்கே தண்ணீர். குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் அள்ளியெடுக்கும் அளவுக்கு அந்தத் தாதுமணல் சேர்ந்ததும் இந்தப் புடைப்பால்தான்.

பக்கத்து வீட்டுக்காரர், “32 காலடி போய்விட்டதே” என்று தலையில் கை வைத்தார். போகவில்லை. அப்பா சொல்வார்: கடல் கோபத்தில் எடுத்த மணலைத் தூரத்துக்குக் கொண்டுபோகாது, முன்வாசலிலேயே திட்டாகப் போட்டு வைக்கும். அலை எங்கே உடைகிறது பாருங்கள் என்றேன். வழக்கத்தைவிட எட்டத்தில் வெள்ளைக் கோடு. அதுதான் திட்டு. அடுத்த பெரிய அலை அங்கேயே உடைந்து பலம் இழக்கிறது. கரை தன் சதையை அறுத்துத் தனக்குக் கேடயம் செய்துகொள்கிறது. அலை அமைதியான மாதங்களில் அதே மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டு வந்து திரும்பச் சேர்க்கும்.

மணல் இருக்கிற கரைக்குத்தான் இந்த வைத்தியம். அம்மா ஊரில் எடுத்து வைக்க என்ன இருக்கிறது?

5 டிசம்பர் 2024

அம்மா வீட்டுக்கு முன்னால் பதினாறு அடி இப்போது ஒன்பது. அம்மாவை அழைத்துவந்துவிட்டேன். “உன் மாமியார் ஊர் மணலில் எனக்கு நடை பிடிக்கவில்லை” என்கிறாள். கால் புதைகிறதாம்.

16 ஜனவரி 2025

காணும் பொங்கல். மெரினாவில் அந்தக் கூட்டத்தில் நின்று ஒருவர் படம் அனுப்பியிருக்கிறார், “உன் துறைமுகப் பிள்ளைக்கு வாழ்த்துகள்” என்று. யார் என்று சொல்லத் தேவையில்லை. சுண்டல் பொட்டலமும் படத்தில் இருக்கிறது.

கோயில் மதிலிலிருந்து 95 காலடி.

9 மார்ச் 2025

107. இன்னும் பழைய இடத்துக்கு வரவில்லை, வரும் வழியில் இருக்கிறது.

அம்மா பிடிவாதமாகத் தன் ஊருக்கே திரும்பிப் போய்விட்டாள். நேற்றுப் பார்க்கப் போனேன். வாடைக் காலம் முழுவதும் தெற்கே திரும்பி நடந்த மணலைத் துறைமுகத்தின் வடக்குச் சுவர் பிடித்திருக்கிறது. அதில் ஒரு மெல்லிய துண்டு எங்கள் வீட்டுக் கல் வரிசையின் காலடி வரை நீண்டிருந்தது. இறங்கி அளந்தேன். ஏழு காலடி. சோழகம் எழுந்தால் இது வடக்கே போய்விடும் என்று அம்மாவிடம் சொன்னேன்.

“தெரியும். நகரு, நெத்திலியை மிதிக்காதே” என்றாள். ஏழு காலடியிலும் வலை விரித்து நெத்திலி காயப் போட்டிருந்தாள்.